இத்தாக் காலத்தில் ஏர் பைப் போட்டது

ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் எனக்கும் என் கணவருக்கும் ஒன்றாகத்தான் காய்ச்சல் வந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டோம். அவருக்கு எல்லாம் பழையபடி ஆனது. எனக்கு மூக்கு மட்டும் திரும்பவில்லை. முதலில் சளி என்று நினைத்தேன். ஒருநாள் வெங்காயம் கரிந்து, புகை கண்ணில் ஏறிய பிறகுதான் வாணலியைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் கொஞ்சம் பொறுங்கள் என்றார். அடுத்த தடவையும் அதையே சொன்னார். அதற்கப்புறம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசனை போனால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் எனக்குப் பதிலாக அவர் முகர்ந்தார். காலையில் பால் பாத்திரத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டுவேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு மூச்சு இழுத்து "ம்" என்பார். பால் கெடவில்லை, காய்ச்சலாம் என்று அர்த்தம். வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கினால் அவர்தான் குனிந்து பார்ப்பார். கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அடுப்படிக்குள் ஒரு நடை வந்து, சிலிண்டர் பக்கமாக முகத்தைத் திருப்பிவிட்டுப் போவார். குளித்துவிட்டு வந்து நானே கேட்பேன், "மேல வேர்வ நாத்தம் ஏதாச்சும் வருதாங்க?" என்று. "கல்யாண வூட்டு வாசன வருது" என்பார். அது என்ன வாசனை என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு டவுனுக்குள்ளேயே, முஸ்லிம்கள் வசிக்கும் பழைய தெருவொன்றில் இருக்கிறது. கீழ்வீடு என் மாமனார் கட்டியது. மாடியை இவர் கட்டினார், வாடகைக்கு விடலாம் என்று. தையல்காரர்களுக்கு வேண்டிய பட்டன், நூல், ஊக்கு, லைனிங் துணி விற்கும் கடை எங்களுடையது. அவரும் அவர் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். மகள் ஷார்ஜாவில். மாடிக்கு ஒரு இளம் தம்பதி குடி வந்தார்கள். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தப் பையன் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேபில் வேலை பார்த்தான்.

அவர்கள் வந்த பிறகு எங்கள் ஹாலில் கை கழுவும் பேசின் சத்தம் போட ஆரம்பித்தது. மாடியில் ஃப்ளஷ் பண்ணினால் தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவதுபோல் களக் களக் என்று ஒரு சத்தம் வரும். உடனே இவர் எழுந்து போய் பேசினில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அப்படியே பாத்ரூமுக்குப் போய்த் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலியிலும் ஒரு சொம்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போவார்.

"பேசினுக்குத் தாகமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாத்தம் வருது. இது ஒரு வேல பாக்கி நிக்குது, ஆள வச்சுப் பார்க்கணும்" என்றார்.

பார்க்கவில்லை. ஒருநாள் மதியம் கடையில் மேல் தட்டிலிருந்து நூல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தம்பியிடம் தண்ணீர் கேட்டாராம். தம்பி டம்ளரோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அதைச் சொன்னவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அணைத்திருந்தேன்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று நானும் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது, உடம்பு முழுக்க. மகள் வந்தாள். வீடு நிறைய ஆட்கள். பெரிய பெரிய சட்டிகளில் சோறு வந்தது. பேசின் முன்னால் எப்போதும் யாராவது கை கழுவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகளுக்கும் லீவு முடிந்தது. நாத்தனார்தான், அவருடைய அக்கா, என் கழுத்திலிருந்து கருகமணியைக் கழற்றி, வெள்ளைப் புடவை கட்டிவிட்டு என்னை இத்தாவில் உட்கார வைத்தார்.

கணவர் இறந்த பெண் நான்கு மாதத்துக்கும் சற்று அதிகமாக வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அவசியமில்லாமல் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது, அலங்காரம் கூடாது, அத்தர் பூசக் கூடாது. இதில் எதுவும் எனக்குக் கஷ்டமாக இல்லை. யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லியிருந்தால்தான் கஷ்டமாக இருந்திருக்கும். நடு அறையில் உட்கார்ந்திருப்பேன். நேரத்துக்குத் தொழுவேன். ஒருவேளைக்கு மட்டும் சமைப்பேன். பால் வாங்கினால் அன்றே தீர்த்துவிடுவேன், மிச்சம் வைப்பதில்லை. சாப்பிட்ட கையை அடுப்படியிலேயே கழுவிக்கொள்வேன். ஹாலுக்கு நான் வருவது விசாரிக்க வருகிறவர்களோடு உட்காரத்தான்.

பெண்கள் மதியத்தில் வருவார்கள். ஸலாம் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுமே முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். கண் கலங்கும். பேச்சு நின்று நின்று வரும். கொஞ்ச நேரத்தில், "பொறுமையா இரும்மா, துஆ செய்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். எல்லோரும் இப்படித்தான். என் கணவருக்காக, அவரைத் தெருவில் பார்த்து ஸலாம் சொன்னதற்கு மேல் பழக்கமில்லாதவர்கள்கூட இப்படி அழுகிறார்களே, நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைப்பேன். அவர்கள் எதிரில் நானும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாவின் மனைவி, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், ஒரு தடவை வந்தார். கூடவே ஒரு பாட்டில் பினாயிலும் ஒரு கட்டு ஊதுபத்தியும் கொண்டுவந்தார். துக்க வீட்டுக்குப் பினாயில் கொண்டுவருவது அவர்கள் பக்கத்து வழக்கம்போல என்று வாங்கி வைத்தேன். நாத்தனார் வாரத்துக்கு இரண்டு தடவை அரியாங்குப்பத்திலிருந்து வருவார். வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறப்பார். சாம்பிராணி போடுவார். யாசீன் ஓதப் போகிறார், அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி வந்த ஒருநாள் என் கணவருடைய பீரோவைத் திறந்து துணிகளை எடுத்தார், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. துவைக்காமல் மடித்து வைத்திருந்த சட்டை ஒன்று கையில் வந்தது. அக்கா அதை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "அப்படியே இருக்குதுடி, தம்பி வாசன அப்படியே இருக்குது" என்று என்னிடம் நீட்டினார். நானும் வாங்கி முகத்தில் வைத்தேன். கழுத்துப்பட்டை கன்னத்தில் உரசியது. ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. துணிதான். அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

போகப் போக வருகிறவர்கள் குறைந்தார்கள். நாத்தனாரும் வந்தால் பின்வாசல் படியில்தான் உட்கார்ந்தார். நாள் ஆக ஆகத் துக்கம் கேட்பது குறையத்தானே செய்யும் என்று நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. உண்மையில் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. காலை விடியும், பாங்கு சொல்வார்கள், மாடியில் நடமாட்டம் கேட்கும், பேசின் களக் என்னும். அந்தச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கேட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாடிப் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒருநாள் மதியம் கிண்ணத்தில் ரசம் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். ஹாலுக்குள் கால் வைத்தவள் கிண்ணத்தைத் தரையிலேயே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மசக்கையில எனக்கும் இப்படித்தாம்மா, சோத்தப் பார்த்தாலே வரும்" என்றேன்.

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க வூட்டுக்குள்ள கக்கூஸ் நாத்தம் அடிக்குதும்மா. ரொம்ப நாளா அடிக்குது. மாடிப்படி வரைக்கும் வருது. உங்களுக்கு எப்படித் தாங்குது?"

எனக்கு வாசனை தெரியாது என்று சொன்னேன். என் கணவரையும் மகளையும் தவிர வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. காது கேட்காதவர்களைப்போல நாலு பேருக்குத் தெரியும் குறையில்லையே அது. "அய்யோ, அப்ப உங்களுக்கு எதுவுமே தெரியாதா?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் பேசின். முந்தானைகள், கலங்கின கண்கள், சாம்பிராணி, பினாயில் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் புரிந்தது. சிரிப்பு வர வேண்டிய விஷயம். இல்லை, அவமானமாவது இருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. ரசம் தரையிலேயே இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தேன்.

அடுத்த தடவை நாத்தனார் வந்தபோது கேட்டேன்.

"அக்கா, வூட்டுல நாத்தம் அடிக்குதாமே."

அவர் ஜன்னல் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யார் சொன்னா?"

"மாடியில இருக்கிற பொண்ணு. நீங்க ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நாங்க இன்னா நெனச்சோம்னா..." நிறுத்தினார். "நீ குளிக்காம கொள்ளாம கெடக்கேன்னு நெனச்சோம். கக்கூஸு கழுவுறதில்ல, ஒண்ணும் பண்றதில்ல, மனசு ஒடஞ்சு போய்க் கெடக்குது, இத்தா முடியட்டும், நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கலாம்னு சின்னத் தம்பிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு வாசன தெரியாதுக்கா. தெனமும் குளிக்கிறேன்."

"தெரியுது. இப்பத் தெரியுது" என்று என் தலையைத் தடவினார். அவருக்குத்தான் அழுகை வந்தது. இந்தத் தடவை முந்தானை கண்ணுக்குப் போனது.

கொழுந்தனார் ஒரு பிளம்பரை அனுப்பினார். ஆண் ஆள் வருவதால் நான் நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாடிப் பெண் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கூட நின்றாள். பாத்ரூமில் ஆசிட் ஊற்றினார்கள். தெருப்பக்கம் பாதாளச் சாக்கடையோடு சேருகிற தொட்டியைத் திறந்து கம்பி விட்டுக் குத்தினார்கள். அடைப்பு எடுத்தாயிற்று, இனிமேல் நாற்றம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை மட்டும் நீட்டினாள். "அம்மா, மறுபடியும்."

அன்றைக்குத்தான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். அக்கறை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மகள் இருந்தவரைக்கும், ஆட்கள் இருந்தவரைக்கும் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அப்போது எந்நேரமும் பேசினில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆட்கள் போன பிறகுதான் இது. அவர் இருந்தபோது களக் என்றால் எழுந்துபோய் ஒரு சொம்பு ஊற்றுவார். அவர் ஊற்றியது எங்கே போயிற்று?

பாத்ரூமுக்குப் போய்த் தரையிலிருந்த ஜாலியைத் தூக்கினேன். செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். ட்ராப் என்பார்களே, அந்தக் கிண்ணம் போன்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மூடி. அது இருந்தால் சாக்கடைக் காற்று மேலே வராது. கிண்ணம் காலியாகக் கிடந்தது. சொம்பால் ஊற்றி நிறைத்துவிட்டு மாடிப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணும்மா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

மேலே தண்ணீர் விழும் சத்தம் சுவருக்குள் இறங்கியது. கிண்ணத்திலிருந்த தண்ணீர் ஒரு தடவை குலுங்கியது. பிறகு யாரோ கீழேயிருந்து உறிஞ்சுவதுபோலச் சரசரவென்று இறங்கியது. ஹாலில் பேசின் களக் என்றது. பார்க்கும்போது பாதிக்கு மேல் இல்லை. நிறைத்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே. அந்தப் பெண்ணுக்கு வேடிக்கையாகிவிட்டது. "இன்னொரு தடவயாம்மா? டேங்க் ரொம்பட்டும்" என்றாள்.

ஏன் உறிஞ்சுகிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் இதுவரை என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் மாமனார் காலத்தில் பின்சுவரோடு ஒரு கனத்த இரும்புக் குழாய் கீழ்வீட்டுக் கழிவுக் குழாயிலிருந்து மேலே போகும். அதன் உச்சியில் ஒரு தொப்பி இருக்கும். அதை ஏர் பைப் என்பார்கள். அதில் தண்ணீர் போகாது, காற்று மட்டும்தான். மாடி கட்டும்போது கொத்தனார், "இது சும்மாதான நிக்குது, மாடி கக்கூஸ இதுலயே சேத்துடலாம்" என்றார். டீ கொடுக்கப் போன நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். மேல் பாகத்தை அறுத்து, மாடிக் கழிவறையை அதில் இணைத்து, உச்சியை அடைத்துவிட்டார்கள். காற்றுக்கென்று இருந்த குழாய் கழிவுக் குழாய் ஆகிவிட்டது. காற்றுக்கு வழி இல்லை. மேலேயிருந்து தண்ணீர் மொத்தமாக விழும்போது அதற்குப் பின்னால் காற்று வேண்டும். அது எங்கிருந்து வரும்? எங்கள் பேசின் வழியாகவும் ஜாலி வழியாகவும் இழுக்கிறது. இழுக்கும்போது நிற்கிற தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடிப் பையன் வீட்டில் இருந்தான். அவர்கள் கழிவறைக்கு வெளியே, குழாய் வளைகிற இடத்தில், அடைப்பு எடுப்பதற்காக ஒரு மூடி வைத்திருப்பார்கள். அவன் அதைத் திருகிக் கழற்றினான். நான் கீழே ஜாலியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "விடுங்க" என்று போனில் சொன்னேன். சுவருக்குள் தண்ணீர் இறங்கியது. கிண்ணத்தில் தண்ணீர் அசையவில்லை. அதில் என் முகமும் செல்போன் வெளிச்சமும் அப்படியே தெரிந்தன. இன்னொரு தடவை விடச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. அவன் மேலேயிருந்து, "அம்மா, இங்க நிக்க முடியல, மூடிடட்டுமா?" என்று கத்தினான். மூடச் சொன்னேன்.

பிளம்பரை மறுபடி வரவழைத்தேன். நான் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன். கொழுந்தனாரும் அந்தப் பெண்ணும் ஹாலில் நின்றார்கள்.

"மொட்ட மாடிக்கு மேல வரைக்கும் ஏர் பைப் ஏத்தணும்" என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"அதெல்லாம் தேவப்படாதும்மா. ஜாலிய மாத்தி, மூடி போட்ட ஜாலியாப் போட்டுடறேன். நாத்தம் வராது."

"தண்ணி எப்படிப் போவும்?"

"தெறந்து வுட்டுக்கணும்."

"பேசினுக்கு?"

"இந்தத் தெருவுல முக்காவாசி வூடு இப்படித்தாம்மா இருக்குது. யாரும் ஏர் பைப்பு கேக்கறதில்ல" என்றார்.

"நான் கேக்கறேன்."

கொழுந்தனார் தொண்டையைக் கனைத்தார். என் கணவர் உயிரோடு இருந்தபோது அவர் தம்பி முன்னால் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "அண்ணி சொல்ற மாதிரியே போட்டுடுங்க" என்றார்.

இரண்டு நாள் சுவரில் ஓட்டை போட்டார்கள். அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர் அதிர்வது முதுகுக்குத் தெரிந்தது. வேலை முடிந்தது என்றார்கள். ஆனால் குழாய் எதுவரை போயிருக்கிறது என்று என்னால் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மாடி வீட்டுப் படுக்கையறை ஜன்னலின் சன்ஷேடு வரைக்கும் போய் நின்றிருந்தது. பிளம்பர் பக்கத்திலேயே இருந்தார்.

"ஜன்னலுக்குப் பக்கத்துல வுட்டா நாத்தம் அவங்க வூட்டுக்குள்ள போவாதா?" என்று கதவு வழியாகக் கேட்டேன்.

"காத்து அடிச்சுட்டுப் போய்டும்மா. கடக்கரை காத்து."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு படுக்கிற எடம். கைப்பிடிச் சுவரத் தாண்டி மேல போவணும். தொப்பியும் போடணும்."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் வந்து இன்னும் ஒரு துண்டுக் குழாயை ஒட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேல் ஆள் உயரத்துக்கு ஏற்றி, ஓட்டை வைத்த தொப்பியை மாட்டி, சுவரோடு கிளாம்ப் அடித்துவிட்டுப் போனார். போகும்போது, "தெனமும் ஒரு சொம்பு ஊத்துங்கம்மா, இல்லன்னா வெயிலுக்கே காஞ்சுடும்" என்று சொன்னார். சரி என்றேன்.

சாயங்காலம் மேலே ஃப்ளஷ் சத்தம் கேட்டது. ஜாலியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் லேசாக நடுங்கி நின்றது. பேசின் சத்தம் போடவில்லை. அந்தப் பெண் இறங்கி வந்து ஹாலில் அங்கேயும் இங்கேயும் நின்று முகர்ந்து பார்த்தாள். பேசினுக்கு மேலே குனிந்தாள். பாத்ரூமுக்குள் போய்விட்டு வந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

"நெஜமாவா?"

"சத்தியமா. உங்க வூட்டுல ஒண்ணுமே இல்ல."

எனக்கு முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் வித்தியாசம் இருக்கிறது என்று நம்பினேன். தண்ணீர் கொடுத்தேன். முதல் தடவையாக அவள் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாள். காலை நீட்டிக்கொண்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

பேச்சு எப்படிப் பரவியதோ தெரியவில்லை. வராமல் நின்றுபோன பெண்களெல்லாம் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் பேச்சு, மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு, மெட்டி நழுவிச் சாக்கடையில் விழுந்த பேச்சு. யாரும் நாற்றத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. யாரும் அழவில்லை என்பதால் நானும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. சில நாள், எப்போது கிளம்புவார்கள் என்று இருக்கும். டீ போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது.

இத்தா முடிந்த அன்று நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். குளித்து, நீலக்கரை போட்ட புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். நாத்தனார் அவரைக்காயை மடியில் போட்டு நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து பாதியை வாங்கிக்கொண்டேன்.

"வர்றியா? நம்ம வூட்டுல கொஞ்ச நாள் இரேன்."

"இல்லக்கா. மாடிப் பொண்ணுக்கு மாசம் ஏறிட்டே போவுது. அது அம்மா வூட்டுக்குப் போற வரைக்கும் இங்க யாராச்சும் இருக்கணும்."

"சரி." கொஞ்ச நேரம் உரித்தார். "ஒண்ணு கேக்கட்டா? நீ இன்னும் அழவே இல்லியாமே?"

"இல்லக்கா."

"ஏன்?"

"தெரியலக்கா. வந்தா அழுதுடுவேன்."

அவர் தலையை ஆட்டினார். அவரைக்காய் இளசாக இருந்தது. நார் கொஞ்சம்தான் வந்தது.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். கொழுந்தனார் கல்லாப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். நீல ஜாக்கெட் துணியோடு ஒரு பெண் வந்தாள். அதே நீலத்தில் நூல் வேண்டும் என்றாள். நான் நூல் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியின் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நான்காவது ஒத்துப்போனது, யாரையும் கேட்காமலே தெரிந்தது. அவளும் அதையேதான் காட்டினாள்.